சத்தியம் கேட்கும் வக்கீல்

கிருஷ்ணகிரி முன்சீப் கோர்ட்டில் தீர்த்தகிரி வக்கீல் எங்கே என்று கேட்டால் டவாலிச் சேவகன்கூட ஒரு கணம் யோசிப்பான். சத்திய வக்கீல் என்று கேட்டால் உடனே கை காட்டுவான். ஜவளகிரியிலிருந்து பாரூர் வரைக்கும் அந்தப் பெயர் பிரசித்தம். அந்தப் பெயர் அவருக்கு எப்படி வந்தது, பிறகு அந்தப் பெயரைச் சொன்னாலே அவர் ஏன் எழுந்து போனார் என்பது எனக்குத் தெரியும். நானும் அதே கோர்ட்டில் வக்கீல்தான். அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவன், வாய் மட்டும் பெரிது. அந்தக் காரியத்தைக் கண்ணால் பார்த்து, கையால் எழுதிக் கோர்ட்டில் கொடுத்தவன் நான். 

அவருடைய அப்பாவுக்குக் காவேரிப்பட்டினம் பக்கத்தில் மாந்தோப்பு இருந்தது. அம்மா ஆனேக்கல்லிலிருந்து வந்தவர், அதனால் வீட்டில் கன்னடம். தோப்புக்கு அக்கம்பக்கத்தில் எல்லோரும் தெலுங்கு. மூன்று மொழியும் அவருக்குத் தாய்மொழி மாதிரிதான். சேலத்தில் படித்து, மதராஸில் பி.எல். முடித்துவிட்டு, அங்கேயே பெரிய வக்கீலிடம் ஜூனியராக இருக்கும்படி எல்லோரும் சொல்லியும் கேட்காமல் ஊருக்குத் திரும்பி வந்தார். கறுப்புக் கோட்டு வெளுத்துக் காப்பிப்பொடி நிறத்துக்கு வந்திருந்தது. வேறு தைத்துக்கொள்ள அவருக்குத் தோன்றியதே இல்லை.

குறுக்கு விசாரணையில் அவர் அதட்ட மாட்டார். எனக்கு அதட்டத்தான் தெரியும், அதனால் அவரைப் பார்த்து வயிறு எரிவேன். சாட்சி தெலுங்குக்காரன் என்றால் தெலுங்கிலேயே மழை எப்படி, மாடு கன்று எப்படி என்று ஆரம்பிப்பார். ஒரு எல்லைத் தகராறில், விடியற்காலை ஆடு மேய்க்கும்போது எதிரி எல்லைக்கல்லைப் பிடுங்கியதைப் பார்த்தேன் என்று ஒருவன் அடித்துச் சொன்னான். தீர்த்தகிரி அவனுடைய ஆடுகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். எந்த ஆடு குட்டி போட்டது, எது நோய்ப்பட்டது, எதை விற்றாய் என்று கேட்கக் கேட்க அவனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. அந்த வாரம் முழுக்க ராயக்கோட்டைச் சந்தையில் ஆடு விற்றுக்கொண்டிருந்த கதையை அவன் தானாகவே சொல்லி முடித்தான். முன்சீப் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார்.

ஆனால் சாட்சியைக் கலைத்து ஜெயிப்பதில் அவருக்குத் திருப்தி கிடையாது. "நம்ம பக்கத்துல ஒருத்தன் மூணு பாஷையில பொய் சொல்லுவான்பா. அதுல எத்தனைய நான் பிடிக்க முடியும்?" என்பார். அவருக்குப் பிடித்த வழி சத்தியம். அப்போதைய சட்டத்தில் அதற்கு இடம் இருந்தது. எதிர்க்கட்சிக்காரன் இன்ன கோயிலில் இன்ன விதமாகச் சத்தியம் செய்தால் அதற்குக் கட்டுப்படுகிறோம் என்று ஒருவர் கோர்ட்டில் எழுதிக் கொடுக்கலாம். அவன் ஒப்புக்கொண்டு சத்தியம் செய்துவிட்டால் வழக்கு அவனுக்கு. மறுத்தால் ஊரே அவனைப் பொய்யன் என்று முடிவு கட்டிவிடும். கூண்டில் நின்று ஆண்டவன் சாட்சியாக என்று சொல்லிவிட்டுப் பச்சைப் பொய் பேசுகிற ஆள், தன் ஊர் அம்மன் முன்னால் ஈரத்துணியோடு கற்பூரத்தை அணைத்துச் சொல்லச் சொன்னால் நடுங்குவான். அதுதான் எங்கள் பக்கத்து மனிதர்கள்.

யாரை எதன் மேல் சத்தியம் கேட்பது என்பதில்தான் அவருடைய கெட்டிக்காரத்தனம். வழக்கு எடுத்ததும் எதிரியின் ஊருக்குப் பஸ் ஏறிப் போவார். மோர் வாங்கிக் குடித்துக்கொண்டே அவன் எந்தச் சாமிக்குப் பயப்படுகிறான், எதன் மேல் உயிரை வைத்திருக்கிறான் என்று விசாரிப்பார். ஜவளகிரியில் ஒருவன் தன் தலைமேல், பெண்டாட்டி தலைமேல் எல்லாம் சத்தியம் செய்யத் தயாராக நின்றான். "உன் செவலை மாட்டு ஜோடி மேல பண்ணுப்பா" என்றார் இவர். அவன் கோயில் படியிலேயே உட்கார்ந்து அழுது, வழக்கை ராஜி செய்துகொண்டான். இத்தனை வருடத்தில் ஒருவன்கூடக் கற்பூரத்தை அணைத்ததில்லை என்று அவர் பெருமையாகச் சொல்வார். உங்களுக்கு வக்கீல் கோட்டு எதற்கு, பூசாரி வேட்டி போதுமே என்று நான் கிண்டல் செய்வேன். எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. கோர்ட் நம்பிக்கையும் அவ்வளவாகக் கிடையாது.

1954-ல் சென்னம்மாள் அவரிடம் வந்தாள். சூளகிரிக்கு மேற்கே ஒரு சின்ன ஊர். புருஷன் கங்கப்பன் பாம்பு கடித்துச் செத்துப்போயிருந்தான். கையில் ஒரு பெண் குழந்தை. குடும்ப நிலத்தில் கிணற்றை ஒட்டிய இரண்டு ஏக்கர் கங்கப்பனின் பாகம். அதில்தான் அவர்கள் ராகியும் கொள்ளும் போட்டுச் சாப்பிட்டு வந்தார்கள். கருமாதி முடிந்ததும் கங்கப்பனின் அண்ணன் மாதப்பன் அந்த நிலத்தில் ஏர் பூட்டிவிட்டார். பாகம் பிரித்தபோதே தம்பி நிலம் வேண்டாம் என்று மாடும் வண்டியும் வாங்கிக்கொண்டான் என்பது அவர் கட்சி. பாகம் வாய்ப்பேச்சாக நடந்தது. அப்போது இருந்தவர்கள் இரண்டு அண்ணன் தம்பியும் அவர்களைப் பெற்றவளும் மட்டும். தாயும் தம்பியும் போய்விட்டார்கள். ஆக, உண்மை தெரிந்த ஒரே ஆள் மாதப்பன்தான். நிலம் போனால் சென்னம்மாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கூலிக்குத்தான் போக வேண்டும்.

தீர்த்தகிரிக்கு இதைவிடப் பொருத்தமான வழக்கு கிடைக்குமா? ஊருக்குப் போய் மோர் குடித்துவிட்டு வந்தார். மாதப்பனுக்குக் கல்யாணமாகிப் பல வருடம் கழித்துப் பிறந்த ஒரே பையன், முனிவேல். பத்து வயது. அவனைத் தரையில் நடக்க விடாமல் தோளிலேயே தூக்கித் திரிகிற தகப்பன் என்று ஊர் சொன்னது. வேறு என்ன வேண்டும்?

"பையன் தலை மேல வேணாங்கய்யா," என்றாள் சென்னம்மாள். நான் அப்போது அவருடைய ஆபீஸில்தான் இருந்தேன். "அவரு தலை மேல கேளுங்க. முனிவேலு எங்கிட்ட வளந்த பையனுங்க. எம்மொதப் புள்ள தவறின சமயம், அவனப் பெத்த எங்கக்காவுக்குப் பாலு இல்லாம எம்பாலு குடிச்சவன்."

"தன் தலைக்கு எவன்மா பயப்படறான்?" என்றார் தீர்த்தகிரி. "பையன் தலைன்னு சொன்னாத்தான் பின்வாங்குவான். சத்தியமே நடக்காது, பயப்படாத. இதுவரைக்கும் நடந்ததில்ல."

அவள் அரை மனதோடு ஒப்புக்கொண்டாள். அவர் எழுதிக் கொடுத்தார். மாதப்பன் முகம் சுண்டிப் போனதை நான் பார்த்தேன். யோசிக்க வேண்டும் என்று வாய்தா கேட்டார். அடுத்த வாய்தாவிலும் அதையே சொன்னார். நடுவில் அவருடைய வக்கீல் எங்களிடம் வந்து, கிணற்றுப் பக்கம் ஒரு ஏக்கரை மாதப்பன் விட்டுக்கொடுத்தால் ராஜியாகப் போகலாமா என்று மெதுவாகக் கேட்டார். தீர்த்தகிரி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். இன்னும் ஒரு வாய்தாவில் முழுசும் வந்துவிடும் என்றார்.

அந்த வாய்தாவில் மாதப்பன் எழுந்து நின்று, "சத்தியம் பண்றனுங்க," என்றார்.

தீர்த்தகிரி திரும்பிப் பார்த்தார். ஆனால் அப்போதும் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. கோயில் படி ஏறும்போது உதறல் எடுக்கும் பார் என்றார். சத்தியத்தை முன்னின்று வாங்கி எழுதிக் கொடுக்கும் கமிஷனராக முன்சீப் என்னைப் போட்டார். சாமி இல்லை என்கிறவனை அம்மன் கோயிலுக்கு அனுப்புகிறாரே என்று நான் முணுமுணுத்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

ராகி அறுப்பு நேரம். ஆனாலும் ஊர் முழுக்கக் கோயில் முன்னால் கூடியிருந்தது. மாதப்பன் குளித்து ஈர வேட்டியோடு வந்தார். பையன் எங்கே என்று கேட்டேன். காய்ச்சல் கண்டு பெங்களூரில் மச்சான் வீட்டில் இருக்கிறான், இப்போது தேறி வருகிறான் என்றார். அவர் மனைவி வெங்கடம்மாளும் பக்கத்தில் நின்று, "ரொட்டி பாலெல்லாம் சாப்பிடறானாங்க," என்றாள். அவளுக்குப் பஸ் ஏறினாலே ஆகாது, அறுப்பு வேறு, அதனால் போகவில்லை, தைக்குப் பையன் வந்துவிடுவான் என்று கேட்காமலே எல்லாம் சொன்னாள். தலையில் பூ வைத்திருந்தாள்.

பையன் இல்லாமல் எப்படி என்று தீர்த்தகிரி தயங்கினார். பூசாரி, பையன் போட்ட துணி இருந்தால் போதும், ஆள் நிற்கிற மாதிரிதான் என்றார். அது அந்தப் பக்கத்து வழக்கம். ஊரில் இல்லாதவன், நோயாளி என்றால் அவன் துணியை வைத்துக் கேட்பார்கள். தீர்த்தகிரிக்கும் தெரிந்த வழக்கம்தான். சரி என்றுவிட்டார். மாதப்பன் இடுப்பிலிருந்து கோடு போட்ட ஒரு சின்னச் சட்டையை எடுத்தார். கொண்டுவந்தே இருந்தார்.

படியில் கற்பூரம் ஏற்றினார்கள். மாதப்பன் இடது கையில் சட்டையைப் பிடித்துக்கொண்டு குனிந்தபோது, சென்னம்மாள் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள்.

"வேணாம் மாமா. பண்ணாதீங்க. நெலத்த நீங்களே வெச்சிக்கங்க. பையன் நல்லா இருக்கட்டும்."

"சும்மா இரும்மா," என்று தீர்த்தகிரி அவள் கையைப் பிடித்து இழுத்தார். இன்னும் ஒரு நிமிடத்தில் மாதப்பன் பின்வாங்குவார் என்று அவர் நம்பினார். உண்மையைச் சொன்னால் நானும் நம்பினேன்.

மாதப்பன் அவளைத் திரும்பியே பார்க்கவில்லை. "எந்தம்பிக்கு இந்த நெலத்துல பாகமில்ல. பாகம் பிரிச்சப்பவே மாடும் வண்டியும் வாங்கிக்கிட்டான். இது பொய்யின்னா எம்பையன் எனக்கில்ல," என்றார். குரல் தடுமாறவில்லை. உள்ளங்கையை வைத்துக் கற்பூரத்தை அணைத்தார். பிறகு சட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

 நான் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றுவிட்டது. தீர்த்தகிரியின் வாய் திறந்தபடி இருந்தது. சென்னம்மாள் படியில் தலையை முட்டிக்கொண்டு, பையனை ஒன்றும் செய்துவிடாதே தாயே என்று அரற்றினாள். அவளுடைய நிலம் போய்விட்டது என்பது அப்போது அவளுக்கு ஞாபகமே இல்லை.

தீர்ப்பு ஒரு பக்கத்தில் முடிந்தது. மேல் கோர்ட்டுக்குப் போகவும் வழியில்லை. சத்தியத்துக்குக் கட்டுப்படுகிறோம் என்று எழுதிக் கொடுத்ததே தீர்த்தகிரிதானே.

சில நாள் கழித்துச் சென்னம்மாள் மஞ்சள் துணி கட்டிக்கொண்டு கிருஷ்ணகிரிக்கு வந்தாள். பையனுக்காக ஒருவேளைச் சோறு, தினமும் அம்மனுக்குக் குடம் தண்ணீர் என்று விரதம் எடுத்திருந்தாள். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. "அவரு பொய் சொன்னது எனக்குத் தெரியும், அம்மனுக்கும் தெரியும். பையனுக்கு ஏதாச்சும் ஆனா நாங்கொன்ன மாதிரிதானுங்க. பெங்களூரு போயி ஒருக்கா பாத்துட்டு வந்து சொல்லுங்கய்யா," என்றாள்.

தீர்த்தகிரியும் சரியாகச் சாப்பிடாமல்தான் இருந்தார். பெருமை போனது ஒரு பக்கம். தன் கெட்டிக்காரத்தனத்தால் ஒரு குழந்தைக்கு ஆபத்து என்ற பயம் இன்னொரு பக்கம். அவர் நிஜமாகவே நம்புகிறவர். என்னையும் அழைத்துக்கொண்டு பெங்களூர் போனார். வெங்கடம்மாளின் தம்பி ராமப்பன் மில்லில் வேலை பார்த்தான். மில்லுக்குப் பின்னால் வரிசை வீட்டில் அவனைக் கண்டுபிடித்தோம். முனிவேலைப் பார்க்க வந்தோம் என்றதும் அவன் எங்களை மாறி மாறிப் பார்த்தான்.

"மாமா உங்ககிட்ட சொல்லலீங்களா? பையன் போயிட்டானுங்களே."

தீர்த்தகிரி அவன் கையைப் பிடித்தார். "எப்போ? சத்தியத்துக்கு அடுத்த நாளா?"

"எந்தச் சத்தியம்?" என்றான் ராமப்பன். அவனுக்கு அது தெரியாது. "கார்த்திகை தீபத்துக்கு முன்னாலயே போயிட்டானுங்க. விஷக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில எவ்வளவோ பாத்தாங்க. மாமா மடியிலதான் உசுரு போச்சு. இங்கயே அடக்கம் பண்ணோம். அக்காகிட்ட இப்ப சொல்லாத, கோர்ட்டு வேலை முடியட்டும், பக்கத்துல இருந்து நானே சொல்றன்னாரு. அதும் சரிதான்னு உட்டுட்டன்."

கோயிலில் சத்தியம் நடந்தது மார்கழியில்.

எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது.  ராஜிக்கு ஆள் அனுப்பும்போது பையன் உயிரோடு இருந்திருக்கிறான். அவன் செத்த பிறகு வந்த வாய்தாவில்தான் மாதப்பன் எழுந்து நின்றிருக்கிறார். மகனை மண்ணில் வைத்துவிட்டு வந்து, அவன் தலைமேல் சத்தியம் செய்ய இப்போது தடையில்லை என்று கணக்குப் போட ஒரு தகப்பனால் முடியுமா? அதுவும், ரொட்டி சாப்பிடுகிறான் என்று சொல்லிக்கொண்டு பெற்றவள் பூ வைத்துப் பக்கத்தில் நிற்கும்போது? கொலை வழக்குகளில் நான் எவ்வளவோ கேட்டிருக்கிறேன். இந்த மாதிரி ஒன்றை என் மனம் ஏற்க மறுத்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் தீர்த்தகிரி ஒரே ஒரு தடவை பேசினார். "தீர்ப்ப ரத்து பண்ணச் சொல்லி மனு போடலாமாப்பா?"

"என்னன்னு போடுவீங்க? நாம கேட்ட வார்த்தை, நாம கேட்ட கோயில், நாம ஒத்துக்கிட்ட சட்டை. எல்லாம் சரியாத்தான் நடந்திருக்கு," என்றேன். எரிச்சலில் சொன்னதுதான். ஆனால் சட்டமும் அதுதான்.

சூளகிரியில் இறங்கி நேராக அந்த நிலத்துக்குப் போனோம். மாதப்பன் கிணற்றில் மாடு கட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததுமே எங்கிருந்து வருகிறோம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. மாட்டை நிறுத்தினார்.

"பெத்த புள்ள செத்தத வெச்சா சத்தியம் பண்ணே? எப்படிய்யா மனசு வந்துச்சு?" என்றார் தீர்த்தகிரி. அவர் யாரையும் அதட்டி அதுவரை நான் கேட்டதில்லை.

மாதப்பன் கோபப்படவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்கதானுங்க எம்பையன் தலை மேல கேட்டீங்க. அவன் இருந்திருந்தா நெலத்த உட்டிருப்பன் சாமி. கேட்டன் இல்ல, ராஜிக்கு? அவன் தலைய வெச்சி ஆடறதுக்கு நானா வந்தன்? அவனும் போயி, நெலமும் போவணுமா?"

 

"பொங்கல் கழிஞ்சி ஊருக்குச் சொல்லிடுவன்," என்றார் மாதப்பன். "பொய்ச் சத்தியம் பண்ணான், அம்மன் பையனக் கொண்டுபோயிட்டாள்னு பேசுவாங்க. பேசட்டும். எனக்கு இனிமே என்ன இருக்குது?"

"சென்னம்மா, தானே பையனக் கொன்னுட்டதா நெனைச்சுச் சாவாளேய்யா," என்றேன் நான்.

அவர் திரும்பிக் கிணற்று மேட்டில் ஏறிக்கொண்டார்.

அவளுக்காகவாவது இன்றே சொல்லிவிட வேண்டும் என்று தீர்த்தகிரி முடிவு செய்தார். சென்னம்மாளின் குடிசை அங்கிருந்து கூப்பிடு தூரம். எங்களைக் கண்டதும் எழுந்து வாசலுக்கு வந்தாள். பையன் நல்லா இருக்கிறானா என்று அவள் கேட்கும் முன்பே தீர்த்தகிரி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கோர்ட்டில் அவ்வளவு அழகாகப் பேசுகிறவர், அன்று வார்த்தைகளை அப்படியே கொட்டினார். பையன் முன்பே போய்விட்டான், உன் மேல் பாவம் இல்லை, நீ கொல்லவில்லை என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன். மாதப்பனைச் சபிப்பாள், இனி நிலம் கிடைக்குமா என்று கேட்பாள் என்று நினைத்தேன். வக்கீலுக்கு வேறு என்ன நினைக்கத் தெரியும்?

"அக்காவுக்கு?" என்றாள்.

"தெரியாதும்மா."

"இன்னும் பூ வெச்சிக்கினு, தையில வருவான்னு அவனுக்குப் பொரி உருண்டை புடிச்சி வெக்கறாங்கய்யா," என்றாள். இடுப்பில் இருந்த குழந்தையை இறக்கி என் கையில் கொடுத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தன் நிலத்தைப் பிடுங்கிய வீட்டை நோக்கி நடந்தாள். நாங்கள் பின்னாலேயே போகத் துணியவில்லை.

கொஞ்ச நேரத்தில் அந்த வீட்டிலிருந்து வெங்கடம்மாளின் குரல் கேட்டது. அதை என்னால் எழுத முடியாது. பிறகு இரண்டு குரலும் சேர்ந்து கேட்டன. தீர்த்தகிரி மண்ணில் உட்கார்ந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். அதன் பிறகு அவர் எந்த எதிரியைப் பற்றியும் அவனுக்கு எதன் மேல் உயிர் என்று விசாரித்ததில்லை. குழந்தை மிரண்டு என் சட்டையைப் பிடித்துக்கொண்டது. கிணற்று மேட்டில் மாதப்பன் அசையாமல் நிற்பது அங்கிருந்து தெரிந்தது. வீட்டுக்குப் போவார் என்று பார்த்தேன். அவர் மாட்டைத் தட்டி மறுபடியும் இறைக்க ஆரம்பித்தார். தண்ணீர் சென்னம்மாளின் நிலத்தில் பாய்ந்துகொண்டிருந்தது.